கீறலுக்குள் இருந்த சிரிப்பு

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்துபோய் வேறு வேலை பார்க்கிற ஆள் நான். கரடியூர் வளைவில் யாரோ நிற்கிறார்கள், பழைய பங்களாவில் நாற்காலி தானாக ஆடுகிறது என்று எஸ்டேட்டில் சொல்லாத கதையில்லை, அத்தனைக்கும் சிரித்திருக்கிறேன். நீங்களும் இதைக் கேட்டுச் சிரிக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதைக் கேட்டது நான் ஒருத்தி மட்டும் இல்லை என்பதுதான் இன்றுவரைக்கும் என் வயிற்றெரிச்சல்.

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி நாகலூருக்கு வந்தேன். வீட்டுக்காரர் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர், எஸ்டேட்டிலேயே கொடுத்த சின்ன வீடு. முன்னறை, படுக்கிற அறை, பின்னால் சமையலறை, அவ்வளவுதான். ஆனால் எனக்கு முன்னாலேயே ஒருத்தி அங்கே குடிவந்திருந்தாள். எஸ்டேட்டை விற்றுவிட்டு ஊருக்குப் போன பழைய துரை, ஒரு ரெக்கார்டு பிளேயரையும் ஒரே ஒரு இசைத்தட்டையும் இவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பாடகி பாடியது. உலகமே கொண்டாடுகிறவளாம், சின்ன வயதில் சர்ச்சில் பாடிப் பழகினவளாம், சோல் என்று அந்தப் பாட்டுக்குப் பெயராம், சோல் என்றால் ஆத்துமாவாம். எல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், நான் கேட்காமலேயே சொல்வார்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் காலில் அட்டைப்பூச்சி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார், கைகால் கழுவுவார், தட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். நான் வைத்த காப்பி பக்கத்தில் ஆறி ஆடை கட்டும். அவள் கெஞ்சுவாள், அதட்டுவாள், பின்னால் நாலு பெண்கள் ஆமாம் போடுவார்கள், பாஷை புரியாத எனக்கே உடம்பு சிலிர்க்கும். அதனால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. சுமாராகப் பாடியிருந்தால் போகிறாள் என்று விட்டிருப்பேன்.

நானும் பாடுகிறவள்தான். அடிவாரத்தில் எங்கள் சர்ச் பாடல் குழுவில் எனக்கு முதல் வரிசை. கல்யாணமான புதிதில் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே ஏதோ பாடினேன். "கோயில்ல பாடறது பத்தாதா ஸ்டெல்லா, ஊட்டுலயுமா?" என்றார். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதோடு அந்த வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. தட்டின் அட்டையில் அவள் கண்ணை மூடி வாயைத் திறந்தபடி இருப்பாள். தூசி துடைக்கும்போது அவள் முகத்தை மட்டும் துடைக்காமல் விட்டிருக்கிறேன், நம்பினால் நம்புங்கள், ஒரு அட்டைப் படத்தோடு அப்படிச் சக்களத்திச் சண்டை போட்டவள் நான்.

அவளிடம் ஒரே ஒரு குறை இருந்தது. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில் ஒரு கீறல். துரை காலத்திலேயே விழுந்தது. அந்த இடம் வந்ததும் முள் ஒரு தாவு தாவி, பாதி வார்த்தையிலிருந்து வேறெங்கோ போய் விழும். அவர் கண்ணைத் திறந்து "ச்சே" என்பார். அந்தக் கொஞ்ச நேரப் பாட்டை அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. தினமும் அந்த "ச்சே"வுக்காகத்தான் நான் கதவோரம் காத்திருப்பேன்.

இங்கே மழைக்காலம் எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. செருப்பு, பைபிள் அட்டை, பெல்ட் எல்லாவற்றிலும் வெள்ளையாகப் பூசணம் பூக்கும். பூத்ததையெல்லாம் அடுப்புக்கு மேலே கட்டின மூங்கில் பரணில் வைத்துவிடுவோம், புகையிலும் சூட்டிலும் காய்ந்துவிடும். அந்த வருஷம் தட்டிலும் பூசணம். நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போயிருந்தபோது அவரே அதைக் கழுவித் துடைத்து, பெல்ட்டை வைக்கிற மாதிரி பரணில் வைத்திருக்கிறார். நான் திரும்பி வந்து பார்த்தால் பொரிக்கிற அப்பளம் மாதிரி நெளிந்து கிடக்கிறது. நான் கை வைக்கவில்லை, சத்தியம். ஆனால் சந்தோஷப்பட்டேன். அவர் அதை உறைக்குள் போட்டு, பிளேயருக்கு மேலே வைத்து, என் கல்யாணத்துக்கு நான் பூத்தையல் போட்டுக் கொண்டுவந்த துணியாலேயே மூடி வைத்தார். அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை, என்னிடம் பேசுவதும் குறைந்துபோனது. செத்தும் அவள்தான் ஜெயித்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு சில்வர் ஓக் மரம் கம்பிமேல் விழுந்து எங்கள் பக்கம் கரண்டே இல்லை. மத்தியானம் மூன்று மணி இருக்கும், மூடுபனி ஜன்னல்வரைக்கும் வந்து நின்றது. நான் சமையலறையில் ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஊதாங்குழல் என் வாயில் இருக்கிறது, இதை மறந்துவிடாதீர்கள்.

முன்னறையிலிருந்து அவள் பாடினாள்.

பின்பாட்டுப் பெண்கள் இல்லை, மேளம் இல்லை, அவள் மட்டும் தனியாக. அந்தக் கடைசிப் பாட்டு. எழுந்து ஓடினேன். முன்னறையில் துணி போட்டது போட்டபடி இருக்கிறது, பிளேயர் மூடியிருக்கிறது, தட்டு நெளிந்தபடி உறைக்குள் கிடக்கிறது. இப்போது சத்தம் சமையலறையிலிருந்து வருகிறது, நான் விட்டுவந்த இடத்திலிருந்து. திரும்பிப் போனேன், மறுபடி முன்னறைக்குப் போய்விட்டது. எந்த அறையில் நான் இல்லையோ அங்கிருந்து பாடினாள். நடுவாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கீறல் இருக்கும் இடம் வந்தது. தாவவில்லை. குரல் மெதுவாகக் கீழே கீழே இறங்கி, நின்று, மூச்செடுத்து, அவள் லேசாகச் சிரித்தாள். பக்கத்தில் பிடித்தமான ஆள் இருந்தால் சிரிக்கிற சிரிப்பு அது. அப்புறம் பாட்டு முடிந்தது.

வெளியே கதவில் குடை உரசும் சத்தம். சாத்தியிருந்த வாசற்கதவைத் திறந்தேன். குடையை மடக்காமலே அவர் நின்றுகொண்டிருந்தார். ரொம்ப நேரமாக நின்றிருக்கிறார், காலில் அட்டை கடித்து ரத்தம் வழிகிறது, அதுகூடத் தெரியவில்லை. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"நீ இப்படிப் பாடுவேன்னு எனக்குத் தெரியாமப் போச்சே புள்ள" என்றார்.

"நான் பாடலீங்க."

"பின்ன ஊட்டுல வேற ஆரு இருக்கறா?"

"அவதானுங்க பாடுனா. என்ற வாயில ஊதாங்குழல் இருந்துச்சுங்க."

சிரித்துவிட்டு என் தலையில் கை வைத்தார். "அந்தக் கீறல்ல இருக்கறத எங்க படிச்சே? கடைசில சிரிச்சியே, அது நொம்ப நல்லா இருந்துச்சு." எத்தனை தரம் சொன்னேன் தெரியுமா, கர்த்தர்மேல் ஆணையாக நான் இல்லை என்று. வெட்கப்படுகிறேன் என்றுதான் நினைத்தார்.

அன்றிலிருந்து அவர் வேறு மனுஷர். சேலத்துக்குப் போனால் எனக்குப் பூ வாங்காமல் வரமாட்டார். காப்பியைச் சூடாகக் குடித்தார். தினமும் பாடச் சொல்வார். நான் பாடுவேன், கேட்பார், "நல்லாருக்கு. ஆனா அன்னைக்கு மாதிரி இல்ல" என்பார். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவர் என்மேல் உயிராக இருந்தார், அந்த உயிரை வைத்தது என்மேல் இல்லையே என்பதைத் தவிர.

மகள் வளர்ந்து வேலைக்குப் போய், ஒரு கிறிஸ்துமஸுக்கு அப்பாவுக்கென்று அதே பாட்டுகளை கேசட்டில் வாங்கிவந்தாள். மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம். கடைசிப் பாட்டில் கீறல் இருந்த இடம் வந்தது. குரல் அப்படியே கீழே இறங்குகிறது, நின்று மூச்செடுக்கிறது. நான் அவர் முகத்தையே பார்த்தேன், இப்போதாவது தெரிந்துகொள்வார், அன்றைக்குப் பாடினது நானில்லை அவள்தான் என்று. ஆனால் கேசட்டில் அவள் சிரிக்கவில்லை. மூச்செடுத்தாள், பாடி முடித்தாள், அவ்வளவுதான்.

"பாத்தியா கண்ணு" என்றார் மகளிடம். "எத்தனை பேரெடுத்த பாட்டுக்காரி. உங்கம்மா அன்னைக்குப் பாடுனதுக்குக் கிட்டக்கூட வரல."

அந்த வார்த்தைக்காகத்தானே அத்தனை வருஷம் ஏங்கியிருந்தேன். அவளை ஜெயித்தாயிற்று. ஆனால் சிரித்தது நானும் இல்லை, கேசட்டில் இருப்பவளும் இல்லை என்றால், அன்றைக்கு எங்கள் வீட்டில் அவரைப் பார்த்துச் சிரித்தவள் யார்? அட்டையில் இருந்தவளோடாவது சண்டை போட முடிந்தது, இவளுக்கு ஒரு முகம்கூட இல்லை.

இப்போதும் மத்தியானத்தில் பனி இறங்கினால் ஓடுகிற டேப்பை நிறுத்திவிட்டு அவர் காது கொடுத்து உட்கார்ந்திருப்பார். நான் எதிரிலேயே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். அவர் என்னைப் பார்ப்பதில்லை, ஆளில்லாத உள்ளறையைத்தான் பார்ப்பார்.