இரண்டு முறை இறங்கிய முள்

கிட்ட வந்து உட்காருங்கள், என் தங்கங்களே. பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இது கட்டிய கதை இல்லை, நடந்தது. யூ-ஷியா எனக்கு அடுத்த வீட்டுக்காரி. அவளுக்குப் பொய் சொல்ல வராது.

காவ்ஷியோங் துறைமுகத்துப் பக்கம் அவள் வேலை பார்த்த பேலட் தொழிற்சாலை இருந்தது. பேலட் என்றால் சரக்கை அடுக்கித் தூக்க அடியில் வைக்கிற மரச்சட்டம்தான். அதன் இரண்டு ஓரங்களையும் தாங்கவைத்து, மேலே இரும்புக் கட்டிகளை ஏற்றுவாள். நடுப்பலகை எவ்வளவு தொய்கிறது என்று கீழே ஒரு முள் காட்டும். முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே போகவில்லை என்றால் தன் பெயர் முத்திரையைக் குத்துவாள். அப்புறம் அந்த வகை பேலட்டெல்லாம் துறைமுகத்தின் அக்கரையில் இருக்கிற கிடங்குக்குப் போகும். அங்கே சரக்கோடு உயர அடுக்கிய பேலட்டுகளுக்குக் கீழே நின்று வேலை பார்ப்பவர் அவள் கணவர் குவோ-தோங். அதனால் அவள் முத்திரை அவ்வளவு லேசில் விழாது.

அது நிலாக் கணக்கில் ஏழாம் மாதம். ஆவிகளுக்குக் கதவு திறக்கிற மாதம். பேய் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். 'நல்ல சகோதரர்கள்' என்பார்கள். தொழிற்சாலை வாசலில் அவர்களுக்குப் படையல். மேசை போதாமல், மேலாளர் லாய் ஒரு புது பேலட்டை இழுத்துப் போட்டு வாத்துக்கறியும் பியரும் பரப்பினார். ஊதுபத்தி பாதிகூட எரியவில்லை. அந்த பேலட்டையே சோதனைக்கு உருவச் சொன்னார்.

"அவங்க இன்னும் சாப்பிட்டு முடிக்கலீங்களே," என்றாள் யூ-ஷியா.

"அவங்களுக்கு என்னக்கா அவசரம்? எனக்கு சாயங்காலம் லாரி வந்துடும்."

மதியச் சாப்பாடு முடிந்து, வழக்கம்போல குட்டித் தூக்கத்துக்கு விளக்குகளை அணைத்தார்கள். எல்லாரும் மேசையில் தலை கவிழ்ந்து உறங்கினார்கள். மணி 12:35. யூ-ஷியா மட்டும் அந்தப் படையல் பேலட்டில் கட்டிகளை ஏற்றிவிட்டு முள்ளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

க்ரீச்...

முள் இறங்கியது. ஓர் ஆள் ஏறினால் இறங்கும் அளவு.

மேலே பார்த்தாள். இரும்புக் கட்டிகள். வேறு யாருமில்லை. பாரத்தில் மரம் தொய்யும்தான், ஆனால் மெல்லத் தொய்யும். இப்படிப் பொதுக்கென்று இறங்காது.

க்ரீச்...

மறுபடியும். இப்போது இரண்டு பேர் கனம்.

யாரையாவது எழுப்பலாம். ஆனால் அந்த மாதத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, 'நல்ல சகோதரர்கள்' காதில் பெயர் விழுந்துவிடும். வாயைப் பொத்திக்கொண்டாள்.

பலகை முனகியது.

யாரோ நகர்ந்து இடம் விடுவதுபோல...

தொப்.

முள் ஏறியது.

ஓர் ஆள் அளவு மட்டும்...

விளக்குகள் எரிந்தன. லாய் வந்து குனிந்து பார்த்தார். "கோட்டுக்கு மேலதான் நிக்குது. குத்துங்க முத்திரைய."

"மாட்டேன். மேல யாரோ இருக்காங்க."

"இருந்தா அவங்களையும் லாரில ஏத்திடுவோம். உங்க வீட்டுக்காரர் தலையிலயா விழப்போகுது?"

"அவர் தலைக்கு மேலதான் அடுக்குவாங்க. இன்னொரு கட்டி வைங்க. தாங்குனா குத்துறேன்."

வைத்தார்கள். கட்டி சரியாக உட்காரக்கூட இல்லை, நடுப்பலகை முறிந்தது. வெளியே வழவழப்பு, உள்ளே பூச்சி அரித்து வெறும் பொடி. மற்ற பேலட்டுகளையும் அறுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் அப்படித்தான். லாரி வெறுமனே திரும்பியது.

சாயங்காலம் குவோ-தோங் ஸ்கூட்டரில் அவளை அழைத்துப்போக வந்தார். பலகை முறிந்ததை மட்டும் சொன்னாள். முள்ளைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"மத்தியானம் கிடங்குல கண்ணசந்தேன்மா. ஒரு கனவு. பேலட் மேல ஏறி நிக்கிறேன். அங்க ஏற்கெனவே ஒருத்தன் உக்காந்திருக்கான். தள்ளி இடம் குடுத்தான். அப்புறம் முதுகுல கைய வச்சு, 'இது உடையப்போகுது, நீ எறங்கு'ன்னு தள்ளிவிட்டுட்டான்."

"யாருங்க அது?"

"திரும்பிப் பாக்கல. முழிச்சதுலேர்ந்து கால்தான் வலிக்குது."

வீட்டில் விளக்கடியில் பார்த்தாள். உள்ளங்காலில் ஒரு மரச் சிலாம்பு. ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் பொடி.

காலையில் மாட்டிய பூட்ஸை வீட்டு வாசலுக்கு வந்துதான் அவர் கழற்றியிருந்தார்...

உங்கள் வீட்டில் மத்தியானம் கண்ணயர்கிறவர்கள் எல்லாரும் நல்லபடியாகக் கண்விழிக்கட்டும், என் செல்லங்களே. வேலைக்குப் போனவர்கள் முழுசாக வீடு வந்து சேரட்டும்.