மண்டியிட்டபின் எடுத்த அளவு

தையலைப் பிரித்துக்கொண்டிருந்தன அந்தக் கைகள். பிளேடு முனையால் ஒன்றுவிட்டு ஒரு தையலை அறுத்து நூலை உருவியதும், துணி கிழியாமல் விட்டுக்கொடுத்தது. இருபது ஜோடி முழங்கால் உறையில் இது நான்காவது.

அவள் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடைக்காரரின் மகள். தையலை யாரும் சொல்லித்தரவில்லை; கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியபடி பார்த்துப் பழகியதுதான். கல்லூரியில் படிப்பது வணிகவியல். எதையும் மூன்று முறை அளப்பதால் கூட வந்த மாணவர்கள் ‘அளவுக்காரி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த அளவுக்காரிதான் அளவில் கோட்டை விட்டிருந்தாள்.

அவளோடு சேர்த்து ஐந்து மாணவர்கள் கடல் கடந்து வந்திருந்தார்கள், இந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று வாரம் சமூகத் தொழில்முனைவு சொல்லிக்கொடுக்க. அடுத்தவரின் சிரமம் ஒன்றைக் கண்டுபிடி, அது தீர ஒரு பொருள் செய், விற்று வருவதில் அந்தத் தொழிலை நடத்து. பாடம் அவ்வளவுதான். அவளுடைய ஏழாம் வகுப்புக் குழு வெகுதூரம் தேடவில்லை. பள்ளியின் கல்படிகளைத் தினமும் மண்டியிட்டுத் தேய்க்கும் துப்புரவு அக்காவைக் காட்டியது. துணிக்குள் ஸ்பாஞ்சும் மேலே பழைய சைக்கிள் டியூபும் வைத்து முழங்கால் உறை தைத்தார்கள். அக்கா மாட்டி நடந்து காட்டி, நன்றாக இருக்கிறது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்து அலுவலகம் தன் துப்புரவு ஆட்களுக்கு இருபது ஜோடி கேட்டது.

ஊருக்குக் கிளம்ப மூன்று நாள் இருக்கையில், குழுவில் அதிகம் பேசாத சிறுமி ஒருத்தி, வாளி வைக்கும் அறையிலிருந்து அக்காவின் உறைகளை எடுத்துவந்தாள். அவற்றில் ஒரு பொட்டு அழுக்கில்லை.

போய்க் கேட்டார்கள். அக்கா முதலில் மழுப்பினார்.

“கோச்சுக்காதீங்க புள்ளைங்களா. நிக்கும்போது நல்லாத்தான் இருக்கு. நான் நின்னுக்கிட்டா தேய்க்கிறேன்?”

மண்டியிட்டதும் மேல்பட்டை தொடையை இறுக்கியதாம், உறை கெண்டைக்காலுக்கு நழுவியதாம். அன்றே சொல்லியிருக்கலாமே என்றதற்கு, ஆசையாகச் செய்த பிள்ளைகளின் முகம் வாடிவிடுமே என்றார். அக்காவை நிற்கவைத்து அளவெடுத்தது அளவுக்காரிதான். அவள் கைக்குப் பழக்கமான வண்டி சீட்டுகள் முழங்காலைப்போல் மடங்காதவை.

இருபது ஜோடியும் அந்த அளவில் நறுக்கிய மாதிரி அட்டையை வைத்து வெட்டியவை. இனி நேரம் ஏது, அப்படியே கொடுத்துவிடலாம் என்றான் குழுத்தலைவன்.

“குடுத்தா இன்னும் இருபது பேரு நல்லா இருக்குன்னு பொய் சொல்லுவாங்க” என்றாள் அளவுக்காரி.

அன்று மதியம் அக்கா வாளியோடு மண்டியிட்டார். பேசாத சிறுமி சாக்பீஸால் முழங்காலைச் சுற்றிக் கோடு போட்டாள். புது உறைக்கு நடுவில் ஒரு மடிப்பு, மேல்பட்டை கிடையாது, முழங்காலுக்குக் கீழே மட்டும் பட்டை. அளவுக்காரி பிரிக்க, பிள்ளைகள் வெட்டித் தைத்தார்கள். போனில் அம்மா கேலி செய்தாள்: “அப்பா கடைல உக்காருன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவே. கடல் தாண்டிப் போயும் அதே ஊசியா?” அவளுக்கும் சிரிப்பு வந்தது.

கிளம்பும் நாள் காலையில் அக்கா புது உறையோடு மேல்படியிலிருந்து தேய்க்கத் தொடங்கினார். பிள்ளைகள் ஒவ்வொரு படியாகப் பின்னாலேயே இறங்கினார்கள். யாரும் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை; உறையையே பார்த்தார்கள். கடைசிப் படி வரை அது நகரவில்லை. அக்கா எழுந்து ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார்.

“இதை அவுக்கச் சொல்லிடாதீங்க, ஆமா.”

வாசலில் அலுவலகத்தின் துப்புரவு மேற்பார்வையாளர் காத்திருந்தார். அளவுக்காரி பெட்டியைத் தூக்கிப் பேசாத சிறுமியின் கையில் வைத்தாள். சிறுமி அதை அவரிடம் நீட்டினாள்.

“உங்க ஆளுங்கள மண்டி போட்டுப் பாத்துட்டு வாங்கிக்கச் சொல்லுங்க” என்றாள்.