கழுவிய தடி

இந்த வெளிநாட்டு நகரத்தின் லிபெர்த்தாத் தெருவில் நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞோராவின், அந்த வெள்ளைக்கார அம்மாவின், கணவர் யாரோடும் சண்டைக்குப் போனதில்லை. ஆனால் நடைச்சுவர் முழுக்க ஆயுதம் மாட்டியிருந்தார். ஒகினாவாத் தற்காப்புக் கலையின் பயிற்சி ஆயுதங்கள், எல்லாம் மரம்: ஆளுயரத் தடி, திருகைபோலப் பிடி வைத்த இரண்டு கட்டைகள், படகுத் துடுப்பு ஒன்று, வெட்டாத அரிவாள் இரண்டு. தினமும் பின்னேரம் நான்கு மணிக்குத் தடியைச் சுழற்றுவார். முடிந்ததும் நுனியால் நிலத்தில் ஒருதரம் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டதும் நான் அடுப்பில் கோப்பி வைப்பேன்.

அவர் இறந்த பிறகும் நான்கு மணிக்கு அந்தத் தட்டல் எனக்குக் கேட்டது. இரண்டு தடவை கோப்பியும் வைத்துவிட்டேன். பயந்துதான் போனேன், பொய் சொல்வானேன்?

முப்பதாம் நாள் பூசைக்குச் சிஞோரா மாதா கோயிலுக்குப் போனார். ஊரில், எங்கள் தீவில், முப்பத்தொன்றாம் நாளுக்குள் வீடு கழுவி, செத்தவர் புழங்கிய சாமான்களையும் கழுவிவிடுவோம். கத்தோலிக்க வேதக்காரரான எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். அப்போதுதான் ஆத்துமா தன் வழியே போகுமாம். போனால் சிஞோராவுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி என்று நினைத்தேன். எனக்குச் சுத்தம் செய்யும் பைத்தியம் வேறு. தடியின் நடுவே இரண்டு இடத்தில் கறுப்பாக அழுக்கேறியிருந்தது. சுடுதண்ணீர், எலுமிச்சை, உப்பு, கம்பிப் பஞ்சு என்று தேய்த்துத் தேய்த்து வெள்ளையாக்கினேன்.

திரும்பி வந்த சிஞோராவின் முகத்தில் ஈயாடவில்லை. ஏச்சு விழும் என்று நின்றேன். அவர் தடியை மடியில் வைத்துக்கொண்டு, "இங்கேதானே அவர் கை இருந்தது?" என்று மட்டும் கேட்டார். நாற்பது வருடம் பிடித்துப் பிடித்து மரத்தில் ஊறிய கை. அவர் போனபின், சிஞோரா தினமும் விடிந்ததும் அந்தக் கறுப்பில் தன் கையை வைத்திருப்பாராம். நான் எட்டு மணிக்குத்தான் போவேன், எனக்கு அது தெரியாது. வெட்கத்தில் அழுதுவிட்டேன்.

அன்று அல்பெர்கேரியாவிலுள்ள என் அறைக்கு வந்து ஊருக்கு அழைத்தேன். அண்ணா கடலுக்குப் போய்த் திரும்பாதவர், உடலும் கிடைக்கவில்லை. அம்மா அவருக்கு முப்பத்தொன்றுப் பூசை கொடுக்கவில்லை, அவர் கழற்றிப் போட்ட சட்டையை, அந்தச் சேட்டை, இன்றுவரை தோய்க்கவும் இல்லை. தோய்த்துப் பூசை கொடுங்கள் என்று வருடா வருடம் நச்சரிப்பவள் நான். தடியின் கதையைச் சொன்னேன்.

"அந்த மனுசி என்ன சொன்னவ?"

"ஒண்டும் பெரிசாச் சொல்லேல்லை அம்மா."

"ஓம். என்னத்தைச் சொல்லுறது."

இப்போது நான்கு மணிக்குச் சிஞோரா தடியை என்னிடம் தருகிறார். இறுக்கிப் பிடிக்க அவர் கையில் பலமில்லை. கணவரின் கை இருந்த இடம் மூன்று வருடம் தூசு துடைத்த எனக்குத் தெரியும். எண்ணெய் தடவி, அங்கேயே இறுக்கிப் பிடித்திருப்பேன். பிறகு நுனியால் ஒருதரம் தட்டுவேன். சில மாதங்களில் மரம் மெல்லக் கறுத்தது. சிஞோரா தடவிப் பார்த்து, "திரும்பி வருகிறார்" என்றார். அது என் கை. அவருடையதைவிட ஒடுக்கம். நான் மறுநாளும் அதே இடத்தில் பிடித்தேன்.

போன கிழமை அம்மா தானாகவே கேட்டார்.

"எனக்கும் வயசு போட்டுது பிள்ளை. அந்தச் சேட்டைத் தோய்ச்சுப் பூசையைக் குடுப்பமே?"

"பூசையைக் குடுங்கோ அம்மா. சேட்டைத் தோய்க்காதேங்கோ."