என் கட்டடத்துக்கு இரவே கிடையாது

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்தவன் நான். வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லுக்கு த்ரீ ஃபேஸ் இழுத்தபோது மற்ற மூன்று பேர் பயந்து இறங்கிவிட்டார்கள், நான் இறங்கவில்லை. காந்தி ரோடு பக்கம் நீங்கள் பட்டுப்புடவை எடுக்கப் போய், ‘அடடா, என்ன கலர்!’ என்று வாயைப் பிளக்கிறீர்களே... அதில் பாதி தறிக்காரர் செய்த வேலை. மீதி பாதி கூரையிலிருந்து நான் போட்ட வெளிச்சம்.

படிப்பு? ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுசாக முடிக்கவில்லை.

கடைசியில் ஒற்றை ஆளாக நின்று நான்கு மாடியில் ஒரு மாணவர் விடுதியும் கட்டினேன். பேங்க்காரர் சிரித்தார், இன்ஜினியர் சிரித்தார், என் சொந்த மச்சான் சிரித்தார். இன்றைக்கு கேரளா, மணிப்பூர், பீகார், டான்சானியா என்று பிள்ளைகள் என் கட்டடத்தில்தான் தூங்குகிறார்கள்.

தூங்குகிறார்கள் என்றா எழுதினேன்? அங்கேதான் இந்த வாரத் தகராறு.

போன மாதம் ஒரு நாள் காலை பதினொரு மணி. தண்ணீர் டேங்க் பார்க்க மாடி ஏறினேன். மூன்றாவது மாடிப் படிக்கட்டில் ஜுமா உட்கார்ந்திருக்கிறான். டான்சானியாவிலிருந்து இங்கே இன்ஜினியரிங் படிக்க வந்த பையன். ஆறடி உயரம். ஒரு காலில் ஷூ. இன்னொரு ஷூ கையில். தலை சுவரில்... நல்ல தூக்கம்!

எட்டு மணி லேபுக்குக் கிளம்பியவன். ஷூ கயிறு கட்ட உட்கார்ந்தவன். மூன்று மணி நேரம்!

"டேய் ஜுமா! இன்னாடா இது, படிக்கட்டா, பெட்டா?" என்று தட்டினேன்.

அவன் கண்ணைத் திறந்து ஷூவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "நைனா... லேப் முடிஞ்சிட்சா?"

இங்கே பெரியவர்களை நைனா என்று கூப்பிடுவார்கள். வாட்ச்மேனைப் பார்த்துப் பழகிக்கொண்டான். இன்னாபா, சொல்லுபா எல்லாம் சுத்தமாக வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இவன் இதே ஊர் டோல்கேட்டில் பிறந்தவன் என்று சத்தியம் செய்வீர்கள்.

விஷயம் சிரிப்பாக இல்லை. அந்த வாரம் மட்டும் இப்படி மூன்று முறை. அட்டெண்டன்ஸ் குறைந்துவிட்டது. பரீட்சைக்கு உட்கார விடமாட்டோம் என்று காலேஜிலிருந்து கடிதம். பரீட்சை எழுதாவிட்டால் அவன் நாட்டு அரசாங்கம் கொடுக்கும் ஸ்காலர்ஷிப் நின்றுவிடும். நின்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

எனக்கு வந்ததே கோபம்! யார் மேல்? வேறு யார் மேல், அவன் மேல்தான்.

விடுதி நடத்திப் பாருங்கள், தெரியும். உலகத்தில் தூங்குவதற்கு இத்தனை விதம் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மணிப்பூர் பிள்ளைகள் சாயங்காலம் ஆறு மணிக்கே சாப்பாட்டை முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். கேரளா பையன்களுக்கு ராத்திரிதான் பகல். பீகார் பையன்கள் இந்த வெயிலிலும் தலைமுதல் கால்வரை போர்வை. நம்ம ஊர்ப் பிள்ளைகள் கேட்கவே வேண்டாம் — டியூப்லைட் எரியணும், ஃபேன் சத்தம் போடணும், காதில் பாட்டு ஓடணும், அப்போதுதான் கண் மூடும்.

ஜுமா மட்டும் வந்த முதல் நாளே கேட்டான்: "நைனா, வெளிய லைட் எப்போ ஆஃப் பண்ணுவீங்க?"

"ஆஃபா? எங்க பில்டிங்ல லைட்டே அணையாது!" என்றேன். விளம்பர போர்டிலும் அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

"லைட் தூங்கலன்னா நான் எப்டி நைனா தூங்குறது?"

அவன் ஊரில் கடிகாரக் கணக்கே வேறாம். சூரியன் வந்த பிறகுதான் மணி எண்ண ஆரம்பிப்பார்களாம். நமக்குக் காலை ஏழு மணி என்றால் அவர்களுக்கு ஒரு மணி. "உங்க பில்டிங்ல எண்ண ஆரம்பிக்கவே முடியல. சூரியன் போனாத்தானே திரும்பி வரும்?" என்றான். வாயாடி என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லைட்டை அணைக்கச் சொன்னால் எனக்கு ஏன் சுருக்கென்று வருகிறது?

நான் பிறந்த ஊரில் கரண்ட் கம்பம் ஊர்த்தெரு வரைக்கும் வந்தது. எங்கள் காலனிக்கு முன்னால் நின்றுவிட்டது. நடுவில் ஒரே ஒரு வரப்பு. அந்த வரப்பைத் தாண்டக் கரண்ட்டுக்குப் பதினோரு வருஷம் ஆனது. தாண்டிய அன்று கம்பத்தில் ஏறி ஒயரைப் பிடித்துக் கொடுத்த பையன்களில் நான் ஒருவன். அதனால்தான் வயர்மேன் ஆனேன். அதனால்தான் என் பெயரில் ஒரு கட்டடம் என்றால் அதில் ஒரு மூலைகூட இருட்டாக இருக்கக்கூடாது என்று வைத்தேன். வராண்டா ஸ்விட்ச் எல்லாம் என் ஆபீசில், பூட்டிய பெட்டிக்குள். சாவி என் இடுப்பில்.

அப்படிப்பட்ட என் கட்டடத்தில், ஜுமா ரூம் கதவுக்கு மேலே இருக்கும் கண்ணாடியை யாரோ அட்டை வைத்து மறைத்திருந்தார்கள்!

கிழித்துப் போட்டேன். மறுநாள் மறுபடி அட்டை. மறுபடி கிழித்தேன். மூன்றாவது முறை கிழிக்கும்போதுதான் கவனித்தேன் — புடவை டப்பா அட்டை. எங்கேயோ பார்த்த டப்பா. எங்கே? எங்கள் வீட்டு பீரோவில்!

நேராக வீட்டுக்கு வந்தேன். என் மனைவி சரோஜா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பையனுக்கு அட்டை குடுத்தது யாரு?"

"நான்தான் குடுத்தேன். இப்ப இன்னா?"

"என் லைட்ட மறைக்க என் வீட்லர்ந்தே அட்டையா?"

"பையன் கண்ணு பாத்தியா? செவந்து கோவப்பழம் மாதிரி இருக்குது. நீ லைட்ட பாத்துக்கினு இரு. நான் புள்ளைய பாக்குறேன்."

இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் நான் நாலு மாடி கட்டியிருக்க முடியுமா? செல்போன்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். அதை டாக்டர் வாயாலேயே சொல்ல வைக்கலாம் என்று ஜுமாவை இழுத்துக்கொண்டு போனேன். துணைக்கு வருகிறேன் என்று சரோஜாவும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமையாக எல்லாம் கேட்டார்.

"படுக்கறப்போ செல்போன் பாப்பீங்களா?"

"அதான் மேடம், அதேதான்!" என்றேன் நான்.

"இல்ல மேடம், போனைக் கப்போர்டுல வச்சிடுவேன்" என்றான் ஜுமா.

"காபி?"

"குடிக்க மாட்டேன்."

"படுக்கற ரூம்ல வெளிச்சம் இருக்குதா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் யார்? நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எங்க பில்டிங்ல லைட்டே அணையாது மேடம்! நாலு மாடி வராண்டாலயும் இருக்கறது எல்லாம் பட்டுக் கடை லைட்டு. கடைய மாத்திக் கட்னப்போ எறக்குனது, நான்தான் கொண்டாந்து மாட்னேன். ரூம்க்கு உள்ள கூட பேப்பர் படிக்கலாம்!"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த அம்மா சொன்னது இதுதான். இருட்டானால்தான் ராத்திரி வந்தது உடம்புக்குத் தெரியுமாம். தெரிந்தால்தான் தூக்கத்துக்கு வேண்டியதை அது தயார் செய்யுமாம். வெள்ளை வெளேர் என்று நீலம் கலந்த லைட் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால், இன்னும் பகல் என்றே உடம்பு ஏமாந்துபோகுமாம். சிலருக்கு அதிகம் தெரியாது. சிலரை ஒரேயடியாகப் போட்டுவிடுமாம்.

"என் லைட்டு ஏமாத்துதுன்றீங்களா?" என்றேன்.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் சரோஜா முந்திக்கொண்டாள். "பட்டுக் கடைல பொடவய எடுத்துக்கினு எல்லாரும் வாசலுக்கு ஓடறாங்களே, ஏன்யா? நெஜ கலர வெயில்ல பாக்கத்தானே? நீ போட்ட லைட்ட ஊர்ல ஒருத்தரும் நம்பறதில்ல. இந்தப் பையன் எத்த எடுத்துக்கினு ஓடுவான்?"

டாக்டரம்மா சிரித்தார். ஜுமா சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த விஷயம்தான், வாசகர்களே. கடைக்கு லைட் போடும்போது நான் என்ன கணக்குப் பண்ணுவேன்? வெளியே பொழுது சாய்ந்தது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியக்கூடாது. நேரம் மறக்கணும். இன்னும் நாலு புடவை பிரிக்கணும். அதற்காகவே வாங்கி மாட்டிய லைட்டு. அதைக் கொண்டுபோய்ப் பிள்ளைகள் படுக்கும் இடத்தில் மாட்டியிருக்கிறேன்! காஞ்சிபுரத்துக்காரனைத் தவிர வேறு எவனாவது இந்த வேலையைச் செய்வானா?

சரி, தெரிந்துவிட்டது. மாற்றிவிடலாம் — என்று முடிந்தால் நான் ஏன் இவ்வளவு எரிச்சலோடு எழுதப்போகிறேன்?

டாக்டரம்மா கொடுத்த சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் போனோம். துறைத் தலைவர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"தூக்கம் வரலன்னு டாக்டர் எழுதிட்டாங்க, சரிங்க. ஆனா அட்டெண்டன்ஸ் கமிட்டில செல்போன் பாத்திருப்பான்னுதான் சொல்வாங்க. வேற காரணம்னா யாராவது எழுத்துல குடுக்கணும்."

"யாரு?"

"லைட் யாருதோ, அவங்க."

எழுத்தில்! ‘என் கட்டடத்தில் லைட் சரியில்லை’ என்று! இந்த ஊரில் என் கைபட்ட லைட்டைப் பற்றி ஒருவன் அப்படிப் பேசியிருந்தால் அன்றைக்கே அவன் வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேன். இப்போது நானே எழுதணுமாம். "நாளைக்கிப் பாக்கலாம் சார்" என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

வெளியே பெஞ்சில் ஜுமா. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஊருக்குப் போனா அம்மா இன்னா கேப்பாங்க?" என்றேன்.

"ஏன் வந்துட்டேன்னு கேப்பாங்க நைனா. லைட்டாலன்னு சொன்னா நம்ப மாட்டாங்க. எங்க வீட்டுக்குக் கரண்ட் வந்தப்போ எனக்கு பத்து வயசு. அம்மா டான்ஸ் ஆடுனாங்க. தெருவே ஆடிச்சு. அவங்ககிட்ட போய் லைட்டு ரொம்ப ஜாஸ்திம்மான்னு எப்டி சொல்றது?"

என்னால் அந்த பெஞ்சில் உட்கார முடியவில்லை.

திரும்ப உள்ளே போனேன். பேப்பர் கேட்டேன். பேனா கேட்டேன். ‘என் விடுதி மூன்றாவது மாடி வராண்டாவில் நான் மாட்டிய லைட் படுக்கும் இடத்துக்கு ஏற்றது அல்ல. அணைக்கச் சொல்லி இந்தப் பையன் கேட்டான். நான் அணைக்கவில்லை. மறைப்பு வைத்தான். மூன்று தடவை கிழித்தேன். தப்பு இவன்மேல் இல்லை.’ ஐந்து வரி எழுத அரை மணி நேரம். எழுத்துப் பிழை இருந்திருக்கும், இருக்கட்டும். என் கையால் கையெழுத்துப் போட்டேன்.

கமிட்டி ஒத்துக்கொண்டது. ஜுமா பரீட்சை எழுதினான். எல்லாப் பேப்பரும்.

நான் சும்மா இருந்தேனா? இரண்டே நாள். இந்த வயசில் நானே ஏணி ஏறி நாலு மாடியிலும் பட்டுக் கடை லைட்டைக் கழற்றினேன். அதற்குப் பதில் முழங்கால் உயரத்தில் சுவரோடு சின்னச் சின்ன மஞ்சள் லைட். காலுக்குத் தெரியும், கண்ணில் படாது. இந்த ஊரில் எந்த விடுதியிலும் இப்படிக் கிடையாது, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜுமா இப்போது எட்டு மணி லேபில் ஏழே முக்காலுக்கு நிற்கிறானாம். கேரளா பையன்கள்கூடக் கொட்டாவி விட ஆரம்பித்திருக்கிறார்கள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். காலேஜ்காரர்கள் விடவில்லை.

போன வாரம் அங்கே ஹெல்த் கண்காட்சி. ‘செயற்கை வெளிச்சமும் மாணவர் தூக்கமும்’ என்று இத்தனை பெரிய போஸ்டர். இடது பக்கம் என் பழைய வராண்டா — பளபளவென்று. வலது பக்கம் என் புது வராண்டா. நடுவில் என் ஐந்து வரிக் கடிதம், கையெழுத்தோடு, பெரிதாக்கி! கூட்டம் நின்று படிக்கிறது. "யாருபா இது, அட்டையக் கிழிச்ச ஆளு?" என்று என் முதுகுக்குப் பின்னாலேயே ஒருத்தன் கேட்கிறான்.

அடியில் நன்றி என்று ஒரு பட்டியல். ஆலோசனை: டாக்டரம்மா. படங்கள்: ஜுமா. அட்டை உதவி: சரோஜா!

அட்டை உதவி!

ஏணி ஏறினது யார்? மஞ்சள் லைட்டை முழங்கால் உயரத்துக்கு இறக்கியது யார் மூளை? தப்பு செய்தவன் என்று ஊருக்கே என் கையெழுத்தைக் காட்டுகிறீர்களே, அதைச் சரி செய்தவனும் அதே ஆள்தான் என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

ஜுமாவிடம் கேட்டேன். "சாரி நைனா, எடம் பத்தல" என்றான்.

பொய். டேப் வைத்து நானே அளந்துவிட்டேன். சரோஜா பெயருக்குக் கீழே நாலு அங்குலம் சும்மா கிடக்கிறது — என் பெயர் தாராளமாகப் பிடிக்கும், இனிஷியலோடு.