கவுளி யார் பேச்சுக்குச் சொன்னது?

பேய், பிசாசு, சகுனம் எதையும் நான் நம்பினவன் இல்லை. திருப்பூர் கோர்ட்டில் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டினவனுக்கு உயிரோடு இருப்பவர்கள் சொல்வதையே நம்ப முடியாது, செத்தவர்களை எங்கே நம்புவது? நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

அறுபதுகளில் நடந்தது. சோமனூரில் தறி வைத்திருந்த கருப்பணன் திருப்பூருக்கு நூல் வாங்க வந்த இடத்தில் யாரோ முதுகில் குத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் உயிர் ஊசலாடுகிறது, மரண வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று தகவல் வந்ததும், மாஜிஸ்திரேட்டும் நானும் மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடினோம். சாகிறவன் பொய் சொல்லமாட்டான் என்று சட்டம் நம்புகிறது. பொய் சொல்லமாட்டான், சரி. தப்பாகச் சொல்லமாட்டானா?

சந்தேகத்தில் பிடித்து வைத்திருந்தது கருப்பணனின் தங்கை வீட்டுக்காரன் ராசுவை. கருப்பணன் வாயில் அவன் பெயர் வந்தால் தூக்குதான். போலீஸ்காரரையும் அந்தத் தங்கையையும் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். நல்ல நினைவோடு இருக்கிறார் என்று டாக்டர் சொன்னதும் மாஜிஸ்திரேட் கேட்டார்.

"உங்களைக் குத்தினது யாருங்க?"

"பொறவால இருந்து குத்திப்போட்டாங்க சாமி. ராசு மாப்பிள்ளை மாதிரி இருந்துச்சுங்க."

"மாதிரியா, ராசுவேதானா?"

"கவுளி சொல்லட்டுங்க."

கவுளி என்றால் பல்லி. ஒருவர் பேசி வாய் மூடும்போது அது சத்தம் கொடுத்தால் பேசினது மெய் என்று அர்த்தம். எங்கள் பக்கம் பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட அதைக் கேட்டதும் தரையிலோ கட்டையிலோ விரலால் மூன்று தடவை தட்டிக்கொள்வார்கள்.

"அதையெல்லாம் எழுத முடியாதுங்க, நீங்க சொல்லுங்க" என்றார் மாஜிஸ்திரேட்.

"சாவுற நேரத்துல பொய்யாப் போயிடக்கூடாதுங்க. அது சொன்னா நானும் சொல்லிப்போடறனுங்க."

நம்பினால் நம்புங்கள், மாஜிஸ்திரேட், டாக்டர், நான், மூன்று பேரும் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த வாரம்தான் வெள்ளையடித்திருந்தார்கள், ஒரு எறும்புகூட இல்லை. டாக்டர் மருந்து அலமாரியைக்கூட நகர்த்திப் பார்த்தார். அவர் திரும்பி வருவதற்குள் கருப்பணன் போய்விட்டார். நாடி பார்த்து, உதட்டைப் பிதுக்கி, போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துவிட்டார் டாக்டர்.

வெளியே இருந்த இரண்டு பேரும் உள்ளே ஓடி வந்தார்கள். "ராசுதானுங்க குத்தினது" என்று போலீஸ்காரரும், "எங்க ஊட்டுக்காரரு இல்லீங்க" என்று தங்கையும் ஒரே நேரத்தில் சொல்லி முடிக்க, எங்கிருந்தோ கவுளி சொன்னது. உடனே போர்வைக்குள்ளிருந்து கட்டில் இரும்பில் டொக், டொக், டொக் என்று தட்டும் சத்தம்.

டாக்டர் போர்வையை விலக்கி மறுபடியும் நாடி பார்த்தார். சுத்தமாக இல்லை. மாஜிஸ்திரேட் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை எழுதிப்போடாதீங்க" என்றார். எழுதினாலும் யார் பேச்சுக்குச் சொன்னது என்று எழுதுவது?

'மாதிரி' என்ற ஒரு சொல்லை வைத்து ஒருவனைத் தூக்கில் போட முடியாது என்று செஷன்ஸ் கோர்ட் ராசுவை விட்டுவிட்டது. அப்புறம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டான். நடந்ததை அவன் மனைவி சொல்லியிருந்தாள் போல.

"ஏனுங்க, அன்னிக்குக் கவுளி யாரு பேச்சுக்குங்க சொல்லுச்சு?"

ஆள் இளைத்துத் துரும்பாகியிருந்தான், பாவமாக இருந்தது. "உங்க சம்சாரம் பேச்சுக்குத்தானுங்க" என்றேன்.

செத்தவர் தட்டினதைக்கூட எப்படியோ மறந்துவிடலாம். இவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்டச் சிரித்தபடி சொன்னதைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை.

"அப்பாடா! அப்ப நான் குத்துலீங்களா?"