மலை வீட்டில் சாப்பாடு

மகளின் நிச்சயதார்த்தத்துக்கு வெள்ளையடிக்கிறோம் என்று பரணைக் காலி செய்ததுதான் தப்பு. வீடு அழுக்காகவே இருந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

பரணிலிருந்து அப்பாவின் தகரப் பெட்டி இறங்கியது. உள்ளே உரக்கடைக்காரர்கள் இலவசமாகக் கொடுத்த டைரிகள். அப்பா கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வாயைப் போலவே அவருடைய பேனாவும் கஞ்சம். 'மழை. கூட்டம் கம்மி.' 'கச்சிராயபாளையத்தில் பஞ்சர்.' 'ஆட்டுக்கு டிக்கெட் கேட்டதற்குச் சண்டை.' சிரித்துக்கொண்டே புரட்டினேன்.

'மலை வீட்டில் சாப்பாடு. சாமைச் சோறு.'

எங்களுக்கு மலையில் ஏது வீடு? அடுத்த பக்கங்களில், 'மலை வீட்டுக்கு மண்ணெண்ணெய் கொண்டுபோனேன்.' பிறகு, 'பிள்ளைக்குக் காய்ச்சல். மனசு சரியில்லை.' அந்த வருஷம் நான் பிறக்கவே இல்லை. பக்கத்திலேயே பிள்ளையின் பெயரும் இருந்தது. அதே பெயர்தான் நிச்சயதார்த்தப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பா என்று அச்சாகியிருந்தது. இப்போது சங்கராபுரத்தில் இருந்தாலும், அவர் பிறந்தது மலைமேல் வெள்ளிமலையில்.

கணக்கு எனக்கு ஒரே மூச்சில் விளங்கிவிட்டது. அப்பாவுக்கு மலையில் இன்னொரு குடும்பம். சம்பந்தி எனக்கு அண்ணன். அவர் மகன் எனக்கும் மகன். அப்படியானால் அவனும் என் மகளும் அண்ணன் தங்கை! அந்தத் தங்கையோ மொட்டை மாடியில் அண்ணனோடு போனில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. கேட்க ஆளில்லை. போனில் சம்பந்தியின் படத்தை எடுத்து, மீசையைக் கட்டைவிரலால் மறைத்து, மூக்கு அப்பா மூக்கா என்று ஆராய்ந்தேன். விரல் எங்கேயோ பட்டு அவருக்கே அழைப்பு போய்விட்டது.

“சொல்லுங்க சம்பந்தி, இன்னா விசேஷம்?”

“ஒண்ணுமில்ல... சாப்ட்டீங்களா?”

“மணி நாலாவுதே சம்பந்தி.”

“அதான்... டீ” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மனைவி வந்து பார்த்தாள். “இன்னாங்க, சுண்ணாம்பு வாளிய முழுங்கினாப்ல நிக்கிறீங்க?”

திக்கித் திக்கிச் சொன்னேன். அவள் டைரியைப் பிடுங்கி, நான் பயத்தில் எட்டிப் பார்க்காத பக்கங்களைப் புரட்டினாள். ஓர் இடத்தில் நிறுத்திச் சத்தமாகப் படித்தாள். 'பிள்ளைக்குக் காது குத்து. என் மடியில் வைத்துக் குத்தினார்கள். ரொம்ப அழுதான்.'

“போச்சு” என்றேன். “பெத்தவரு மடிதான்.”

“உங்களுக்கு யாரு மடியில வெச்சி குத்துனாங்க?”

“எங்க மாமா மடியில.”

“அப்புறம்?”

அதற்கு அப்புறம்தான் எனக்கு மூளை வேலை செய்தது.

“தாய்மாமன் மடியில வெச்சிதாங்க ஊருக்கே காது குத்துறாங்க. பெத்தவன் மொய் எழுதற எடத்துல நிப்பான். மலையில உங்களுக்கு ஒரு அத்த இருக்காங்க. அத்த பேரன் முறையான மாப்ளதான். போயி மொகத்த கழுவுங்க.”

முகம் கழுவுவதற்குள் அடுத்த பயம் வந்துவிட்டது. அப்பா கூடப்பிறந்தவர்கள் இல்லாத ஒத்தை ஆள் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். இது தெரிந்தால், உறவையே மறைத்த குடும்பம் என்று அவர்கள் பெண்ணே வேண்டாம் என்றுவிட்டால்? திரும்பவும் சம்பந்தியை அழைத்து, உளறி முடித்தேன்.

“தெரியும் மச்சான்” என்றார். சம்பந்தி மச்சானாகிவிட்டார்.

“அம்மா அவங்க இஷ்டத்துக்குக் கட்டிக்கினாங்கன்னு உங்க தாத்தா பேரே எடுக்கக்கூடாதுன்னுட்டாராம். மாமா மட்டும் பஸ்ஸோட வந்து போயிக்கினு இருந்தாரு. பொண்ணு எடுத்தா அந்த வூட்லதான்னு அம்மா ஒரே புடி. சொன்னா நீங்க மாட்டேன்னுடுவீங்களோன்னு நான்தான் வாயத் தொறக்கல. தேதி வெச்சதுலருந்து தூக்கமே இல்ல. இப்ப அம்மா நிச்சயத்துக்கு வரமாட்டேன்னுது. அண்ணன் வூட்லருந்து ஆளு வந்து கூப்புடணுமாம்.”

மறுநாள் காலையில் பழமும் புடவையும் வாங்கிக்கொண்டு மலை பஸ் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பதில் தயார் செய்தேன். தாத்தாவைத் திட்டினால் இது, கதவைச் சாத்தினால் அது, அழுதால் வேறொன்று.

அத்தை வாசலில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார். மகன் சொல்லியிருப்பார் போலிருக்கிறது, யார் என்று கேட்கவில்லை.

“எங்கண்ணன் செத்ததுக்கு ஏண்டா எனக்கு ஆளு அனுப்பல?”

எந்த வளைவிலும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்கவில்லை. “தெரியாது அத்த” என்றேன். பழமும் புடவையும் வைத்த தட்டை நீட்டினேன்.

“பஸ்காரங்கதான் சொன்னாங்க. நான் வந்து சேர்றச்சொல்ல பாடை எடுத்துட்டாங்க. ரோட்லயே நின்னு பாத்துட்டு வந்துட்டேன்.” கையில் ஒட்டிய புளியை முந்தானையில் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினார். புடவையைப் பிரித்துக் கரையைப் பார்த்தார். “வரேன். ஆனா ஒண்ணு. நான் பொண்ணு வூட்டுப் பக்கந்தான் ஒக்காருவேன். எங்கண்ணன் எடத்துல.”

“சரி அத்த” என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் பெரியவர் என்று இருப்பது இவர் ஒருவர்தான். இவர் இந்தப் பக்கம் வந்துவிட்டால் அந்தப் பக்கம் தட்டு மாற்ற யார் இருக்கிறார்கள்? மச்சானிடம் இதை எப்படிச் சொல்வது? போனை எடுத்தேன், மலையில் டவர் கிடைக்கவில்லை. பஸ் இறங்க இறங்க, ஒவ்வொரு வளைவிலும் மறுபடி ஒரு பதில் தயார் செய்துகொண்டு வந்தேன்.