இலைக்கு முன் ஊசி

மயிலாப்பூரில் குளத்துக்கு வடக்கே ஒரு சந்தில் சுப்பராம சாஸ்திரிகள் குடியிருந்தார். பெரிய வித்வான் என்று சொல்ல முடியாது. மந்திரம் பிசகாமல் சொல்வார், பஞ்சாங்கம் பார்ப்பார், அவ்வளவுதான். ஆனால் திவசத்துக்குச் சாப்பிட உட்கார அவரை மாதிரி ஆள் கிடையாது என்று ஊரில் பெயர். போனவர்களின் இடத்தில் உட்கார்ந்து, அவர்களுக்காகச் சாப்பிடுவதுதான் அவருடைய பிழைப்பு. வடை, அதிரசம், எள்ளுருண்டை, பாயசம் எல்லாம் கேட்டு வாங்கி, நிதானமாகச் சாப்பிடுவார். கடைசியில் வீட்டுக்காரர் கைகூப்பி "திருப்திதானா?" என்று கேட்கும்போது அவர் தலையசைக்கிற விதத்தைப் பார்த்தால், செத்துப்போன அப்பாவே வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போகிற மாதிரி இருக்கும் என்பார்கள். அந்தப் பேச்சு காதில் விழுவதில் சாஸ்திரிகளுக்கு ஒரு ரகசியப் பெருமை உண்டு.

யுத்த காலத்தில் அவருக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது. கொல்லையில் அவர் ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்த்தது. உடம்பு இளைத்தது. காலில் முள் குத்திய ஒரு சின்னப் புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. வேறு வழியில்லாமல் டாக்டரிடம் போனார். நீரிழிவு முற்றிவிட்டது, கஷாயம் லேகியம் எல்லாம் இனி எடுபடாது, தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர்.

அந்த மருந்து எதிலிருந்து எடுப்பது என்று சாஸ்திரிகள் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: மாட்டின் வயிற்றுக்குள் இருக்கிற ஒரு சுரப்பி, பன்றியினுடையதும் உண்டு.

வீட்டுக்கு வந்து மனைவி அபயாம்பாளிடம் வேர் மருந்து கொடுத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டார். ஊசி போட டாக்டர் கைகாட்டியது ஐரின் என்ற நர்ஸை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அந்த அம்மாள், சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின்னால் தனியாக இருந்தாள். சமுத்திர ஸ்நானத்துக்குப் போகிறேன் என்று சாஸ்திரிகள் விடியற்காலையில் கச்சேரி ரோடு வழியாக நடப்பார். இடுப்புத் துணிக்குள் ஒரு சின்ன சீசாவில் சிறுநீர் இருக்கும். எதிரே யாராவது வந்தால் உடம்பு கூசும். ஐரின் அதில் கொஞ்சம் எடுத்து, நீல மருந்தோடு கலந்து, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவாள். நீலமாகவே நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று போய்ச் செங்கல் நிறத்துக்கு வந்தால் சர்க்கரை நிறைய இருக்கிறதென்று அர்த்தம். பெரும்பாலும் செங்கல் நிறம்தான் வரும்.

அவள் வீட்டுக்குள் அவர் கால் வைத்ததில்லை. கொல்லையில் நின்றபடியே கையை நீட்டுவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஊசி போட்டானதும் நேரே கடற்கரைக்குப் போய் மூன்று முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவார். ஒருநாள் ஐரின் சிரிஞ்சைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "ஏன் சாமி இந்தக் குளிர்ல கடலுக்கு ஓடுறீங்க? இங்கயே கெணறு இருக்குது. குளிச்சிட்டுப் போங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்." அவருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் மறுநாளும் கடலுக்குத்தான் போனார்.

அதைவிட மோசமானது தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் நடந்தது. சக புரோகிதர் ராமானுஜம் கூட இருக்கும்போது ஐரின் கூடையோடு எதிரே வந்துவிட்டாள். கால் புண் எப்படி இருக்கிறது என்று சாதாரணமாகக் கேட்டாள். சாஸ்திரிகள் அவளைப் பார்க்கக்கூட இல்லை. "யாரோ, ஆள் மாறிக் கேக்கறா" என்று ராமானுஜத்திடம் சொல்லிவிட்டு நடந்தார். மறுநாள் காலையில் போவதா வேண்டாமா என்று தெருமுனையிலேயே தயங்கிவிட்டுப் போனார். ஐரின் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கம்போல் ஊசி போட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

திவசத்துக்குப் போகும் நாட்களில் மட்டும் அவர் ஊசியைத் தவிர்த்துவந்தார். பித்ருவாக உட்காரும் உடம்பில் அந்த மருந்து அன்றைக்காவது வேண்டாம் என்று ஒரு கணக்கு. ஆனால் அந்த நாட்களில்தான் அவ்வளவு இனிப்பும் உள்ளே போனது. புண் மறுபடி வாய் திறந்தது. இனி ஒருநாள்கூட விட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் கண்டித்துச் சொன்னார்.

அந்தச் சமயத்தில் வக்கீல் ராஜகோபாலன் வீட்டில் அவருடைய அப்பாவின் திவசம் வந்தது. வருஷா வருஷம் சாஸ்திரிகள் உட்காருகிற வீடு. பதினோரு மணிக்கெல்லாம் இலை போட்டுவிடுவார்கள். அதை ஐரினிடம் சொன்னார். அவள் அன்றைக்கு விடிந்து வெகுநேரம் கழித்தே ஊசி போட்டுவிட்டு, போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது, உடம்பு படபடவென்று வந்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, தன் ரேஷன் சர்க்கரையில் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அவள் அடுக்களைச் சர்க்கரை. வாங்கிக்கொண்டு வந்து, கடற்கரை மணலில் அதைக் கொட்டிவிட்டார்.

ராஜகோபாலனின் தம்பி வரவேண்டிய ரயில் தாமதமாகிவிட்டது. தம்பி வந்த பிறகுதான் ஆரம்பம் என்று சொல்லிவிட்டார்கள். சாஸ்திரிகள் கூடத்தில் காத்திருந்தார். முதலில் நெற்றி வியர்த்தது. பிறகு கை நடுங்கிற்று, கண் இருண்டது, எதிரே பேசுகிறவர்களின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டது. ஒரு துண்டு வெல்லம் கேட்டிருந்தால் போதும். ஆனால் திவசத்துக்கு உட்காருகிறவர் இலை போடுவதற்கு முன் வாயில் எதையும் போடக் கூடாது. ஏன் வேண்டும் என்று கேட்பார்கள். ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எப்படி எழுந்தார், எப்படி அடுக்களைக்குள் போனார் என்பது அவருக்கே பிறகு சரியாக நினைவில்லை. வீட்டுக்கார அம்மாள் மடிப்புடவையோடு கொல்லைப் பக்கமிருந்து திரும்பி வந்தபோது, சாஸ்திரிகள் தரையில் குந்தியிருந்தார். பாயச உருளி அவர் முன்னால் இருந்தது. கையை உள்ளே விட்டு அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். தாடையில் வழிந்து மார்பில், பூணூலில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

சற்று நேரத்தில் அவருக்குப் புத்தி தெளிந்தது. அடுக்களை வாசலில் ராஜகோபாலன், அப்போதுதான் வந்து சேர்ந்த தம்பி, சமையல்காரர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜகோபாலன், "என்ன காரியம் ஓய் இது?" என்றார்.

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். சாஸ்திரிகளின் வாயிலிருந்து வந்தது வேறு. "பசி தாங்கலை" என்றார்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, அடுப்பு மெழுகி, மறுபடி சமைத்தார்கள். வேறொருவரைத் தேடிப் பிடித்து உட்கார வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் கதை மாடவீதி முழுக்கப் பரவிவிட்டது. திவசம் ஆகும்வரை பொறுக்காத பெருந்தீனி என்றார்கள். கூப்பிட்டுக்கொண்டிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. பன்றி மருந்து ஏற்றிக்கொள்கிறவன் என்ற பேச்சுக்கு இந்தப் பெயர் தேவலை என்று அவர் வாயை மூடிக்கொண்டு இருந்தார். ஐரின் முகத்தில் விழிக்கவும் வெட்கமாக இருந்தது. அவள் கொடுத்த சர்க்கரையை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? ஊசிக்குப் போவதை நிறுத்திவிட்டார். கால் கறுக்க ஆரம்பித்தது.

ஒரு மத்தியானம் ஐரின் விலாசம் விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்கே வந்துவிட்டாள். அபயாம்பாள்தான் கதவைத் திறந்தாள். இரண்டு பேரும் வாசலிலேயே நின்று பேசிக்கொண்டார்கள். சாஸ்திரிகள் உள்ளே பாயில் படுத்தபடி ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஊசி, மருந்து, மூன்று வருஷமாக விடியற்காலை சமுத்திர ஸ்நானம், ஊசிக்குப் பிறகு சாப்பாடு தள்ளிப்போனால் வருகிற மயக்கம், எல்லாம் வெளியே வந்தது. யுத்தம் முடிந்து கப்பல் வர ஆரம்பித்துவிட்டதால், நாள் முழுக்க மெதுவாக வேலை செய்கிற புது இன்சுலின் டாக்டரிடம் வந்திருக்கிறது, இதில் அப்படித் திடீரென்று மயக்கம் வருவது குறைவு, ஆனாலும் வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்று ஐரின் சொன்னாள்.

சாஸ்திரிகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அதுவும் அதே வழியில் எடுக்கிறதுதானா என்று கேட்டார்.

"அதேதான் சாமி. வேற மாதிரின்னு பொய் சொல்லிப் போடத் தெரியாது எனக்கு."

அபயாம்பாள் அவர் பக்கம் திரும்பினாள். "ஊரெல்லாம் உங்களைத் தின்னிப்பண்டாரம்னு சொல்லிண்டிருக்கு. நானும் அப்படித்தான் நெனச்சுண்டு, குழாயடியில தலையைக் குனிஞ்சுண்டு தண்ணி பிடிச்சேன். என்கிட்டயாவது சொல்லப்படாதா?"

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் ஐரின் பக்கம் திரும்பினார். மார்க்கெட்டில் அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று முணுமுணுத்தார்.

"ஞாபகம் இருக்குது" என்றாள் ஐரின். பையைத் திறந்து சிரிஞ்சை எடுத்து, வெந்நீர் கேட்டாள்.

இரண்டு கால்விரல்களை எடுத்த பிறகு கால் தப்பியது. நடக்க முடிந்ததும் சாஸ்திரிகள் கோலை ஊன்றிக்கொண்டு ராஜகோபாலன் வீட்டுக்குப் போனார். உள்ளதை உள்ளபடி சொன்னார். சொல்லிவிட்டால் பாரம் குறையும், நோயாளி என்று தெரிந்தால் கொஞ்சம் இரங்குவார் என்றுதான் நினைத்திருந்தார். ராஜகோபாலன் முழுக்கக் கேட்டுவிட்டு, எவ்வளவு நாளாக என்று மட்டும் கேட்டார். மூன்று வருஷமாக என்றார் சாஸ்திரிகள்.

"அப்போ மூணு வருஷமா எங்கப்பா ஸ்தானத்துல அதோடயா உக்காந்தீர்?" என்றார் ராஜகோபாலன். கோபமாகக்கூட இல்லை, களைத்துப்போன குரல்தான். திவச நாட்களில் ஊசி போட்டுக்கொள்ளவில்லை என்று சொல்ல சாஸ்திரிகள் வாயெடுத்தார். முதல் நாள் போட்டது எங்கே போகும்? எழுந்து வந்துவிட்டார்.

அதன் பிறகு அவர் எந்த வீட்டிலும் இலைக்கு உட்காரவில்லை. பையன்களுக்குச் சந்தியாவந்தனம் சொல்லிக் கொடுத்தார். அபயாம்பாள் அப்பளம் இட்டு விற்றாள். கேழ்வரகுக் கஞ்சியும் கீரையுமாகச் சாப்பாடு மாறிற்று. ஐரின் சில வாரம் வந்து அபயாம்பாளுக்கு ஊசி போடப் பழக்கிவிட்டு, பிறகு வருவதை நிறுத்திக்கொண்டாள். கடைசி நாள் போகும்போது ஒரு டம்ளர் மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். கழுவ வேண்டாம் என்று சொல்ல சாஸ்திரிகளுக்கு வாய் வரவில்லை. அது பல நாள் அவரை அரித்தது.

தினமும் காலையில் அபயாம்பாள் அவர் தொடையில் ஊசியை ஏற்றுவாள். "வலிக்கறதா?" என்பாள். இல்லை என்பார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. எத்தனையோ வருஷம் அப்படியே உயிரோடு இருந்தார். அந்த ஒரு நிமிஷம் மட்டும் அவளை நேராகப் பார்க்க அவரால் கடைசிவரை முடியவில்லை.